ஐந்து வரிக்கு ஒரு படிவம்

1

என் பேத்தி தியா தமிழில் ஐந்து வரி எழுதினாள். அதற்காகச் செயற்குழு கூடியது. எட்டுப் பேர், சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் முட்ட உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். முடிவில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதை எழுதிக் கொடுத்தவன் நான்.

“அங்கே பொழுது எப்படிப் போகுது?” என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் “போகுது” என்று மட்டும் சொல்லிவந்தேன். இந்த முறை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீர்மானம் நிறைவேறி ஐந்து வாரம் ஆகிறது. எனக்கு மனம் சரியில்லை.

என்னை அறியாதவர்களுக்காக: வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையம். கல்வித் துறையின் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளனாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஓய்வு பெற்றவனுக்கும் எச்சரிக்கை உணர்வு உண்டு. தினமும் காலையில் பேருந்தில் போய், மாலையில் பேருந்தில் திரும்பினேன். இடையில் செய்ததெல்லாம் காகிதம். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எங்கே நிற்கும், எப்படிச் சொன்னால் நகரும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு உறுதியாகத் தெரியாது. மனைவி காலமான பிறகு, நான்கு ஆண்டுகளாக, மெல்பர்ன் நகரின் ஒரு புறநகரில் மகள் அமுதா வீட்டில் இருக்கிறேன்.

2

இங்கே சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. சொந்தக் கட்டடம் கிடையாது. ஓர் ஆங்கிலத் தொடக்கப் பள்ளியின் நான்கு அறைகளை வாரத்தில் மூன்று மணி நேரம் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். உள்ளே போனதும் முதல் வேலை, அறையை நான்கு மூலையிலிருந்தும் கைப்பேசியில் படமெடுப்பது. போகும்போது அதே படத்தைப் பார்த்து நாற்காலி, பென்சில் டப்பா, பஞ்சு அடைத்த கரடி எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் வைக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் வாரநாள் ஆசிரியை எழுதி வைத்ததை அழிக்கக் கூடாது. மூன்று மணி நேரம் தமிழ் அங்கே இருந்தது என்பதற்குத் தடயம் இருக்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். நல்ல ஒப்பந்தம். நானே எழுதியிருந்தாலும் இதைவிட இறுக்கமாக எழுதியிருக்க முடியாது.

நான் அங்கே வருகைப் பதிவேட்டுக்குப் பொறுப்பு. அதற்கே காவல்துறை சரிபார்த்துத் தரும் ஓர் அட்டை வேண்டும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் உட்காரத் தகுதியானவன்தான் என்று அரசாங்கம் சொல்ல வேண்டுமாம். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடங்களின் காகிதம் பார்த்தவனைப் பற்றி அப்படி ஒரு கேள்வி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இப்போது யோசித்தால், கேட்டிருக்கலாம்.

அட்டைக்காக அந்த ஆங்கிலப் பள்ளியின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். வழக்கம்போல ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதை ஆங்கிலமாக்கி முடித்திருந்தேன். மறுநாள் அங்கிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டு, மிக மரியாதையாக, “நாங்கள் செய்ய வேண்டியது என்ன என்று சொல்ல முடியுமா?” என்றார். எத்தனை ஆயிரம் கடிதத்தில் அதை எழுதியிருப்பேன்! என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. “ஒன்றுமில்லை, நன்றி” என்று வைத்துவிட்டேன்.

3

தியாவுக்கு எட்டு வயது. அவள் வகுப்புக்கு ஆசிரியை ஷமீமா. ராஜபாளையம்தான். அவளுடைய அத்தாவுக்குக் கடைவீதியில் செருப்புக்கடை. அவளுக்கு வாரநாளில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை, சனிக்கிழமை இங்கே சம்பளமில்லாத வேலை. முதல் நாள் என்னைப் பார்த்ததும், “சார், நீங்க நம்ம ஊரு ஆபீஸ்ல இருந்தவியதானே? ஒங்க ஆபீஸ் வாசல்ல நான் எம்புட்டு நேரம் நின்னிருக்கேன் தெரியுமா, ஒரு சர்ட்டிபிகேட்டுக்கு!” என்றாள். வேலை நடந்ததா என்று கேட்டேன். “மூணாவது நாள் நடந்துச்சு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிய. மூஞ்சியப் பாக்காமலே போட்டிய” என்று சிரித்தாள்.

அவள் வருவதற்கு முன் வகுப்பில் கவிதை என்றால் ஒப்புவித்தல். ஆண்டு விழாவுக்கு ஆளுக்கொரு செய்யுள். பெற்றோர் அதை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளை மேடையில் வலக்கையை உயர்த்தி, இடக்கையை உயர்த்தி, என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே பிசகில்லாமல் சொல்லிவிட்டு இறங்கும். கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். எனக்கு இது புதிதல்ல. ஊரில் பள்ளி ஆய்வுக்குப் போகும்போது, அதிகாரிகள் எப்போதும் மூன்றாவது பெஞ்சைக் கைகாட்டித்தான் செய்யுள் சொல்லச் சொல்வார்கள். முதல் பெஞ்சைக் காட்டினால் தயார்செய்த பிள்ளையாக இருக்கும் என்று சந்தேகம். இது தெரிந்த ஆசிரியர்கள் ஆய்வு நாளில் நன்றாக ஒப்புவிக்கும் பிள்ளையை மூன்றாவது பெஞ்சில் உட்காரவைப்பார்கள். அது எங்களுக்கும் தெரியும். பிள்ளை எழுந்து, தலைப்பு, செய்யுள், இயற்றியவர் பெயர், பக்க எண் வரை ஒரே மூச்சில் சொல்லும். மூச்சு தீரும் இடத்தில்தான் வரி முடியும். ‘செய்யுள் பகுதி நன்கு கற்பிக்கப்பட்டுள்ளது’ என்று நாங்கள் எழுதுவோம்.

ஷமீமா ஒரு துணிப்பை கொண்டுவருவாள். கடைசி அரை மணி நேரம் அந்தப் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைப்பாள். ஒருநாள் ஒற்றைச் செருப்பு. ஒருநாள் பூட்டில்லாத சாவி. “இதப் பாத்து என்னா தோணுதோ அத எழுதுங்க. நீங்க கண்ணால பாத்ததா இருக்கணும், இல்லாட்டி காதால கேட்டதா இருக்கணும். அழகு, இனிமை, அன்பு, தமிழ், இந்த நாலு வார்த்தைய இன்னைக்கு நான் பூட்டி வச்சுட்டேன். யாரும் எடுக்கக் கூடாது” என்பாள். வார்த்தை தெரியாவிட்டால் கேட்கலாம், கொடுப்பாள். எழுத்துப் பிழையை அன்றைக்குத் திருத்த மாட்டாள். அடுத்த வாரம் மெதுவாகத் திருத்துவாள்.

முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் பொருளைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் மடக்குக் குடை ஒன்றை வைத்தாள். அர்ஜுன் என்ற பையன் எழுதினான்:

மழை வருது
அம்மா ஜாக்கெட் போடு சொல்றா
அப்பா லேட் ஆச்சு சொல்றாரு
மழை ஒண்ணும் சொல்லலை.

ஷமீமா அதை வாசித்துவிட்டுத் தாளை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “இன்னொரு தடவ நீயே வாசிடா” என்றாள். அவன் வாசித்தான். அறையில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு நடைவழியில் உட்கார்ந்திருந்த நான், ஒரு வகுப்பு இப்படி அமைதியானதை வெகுகாலத்துக்குப் பிறகு கேட்டேன்.

அதுவரை சனிக்கிழமைகளில் தியாவுக்கு வயிற்றுவலி வரும். காரில் ஏறும்வரை வலி இருக்கும். அந்த வாரத்திலிருந்து வயிற்றுவலி நின்றது. “தாத்தா, கதவு மூடற சத்தத்துக்கு தமிழ்ல என்ன?” என்று அடுக்களைக்கு வந்து கேட்டாள். வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, தானாக வந்து கேட்டது அதுதான் முதல்தடவை.

4

பிறகு ஒரு சனிக்கிழமை பையிலிருந்து கைப்பேசி சார்ஜர் ஒன்று வெளியே வந்தது. தியா எழுதினாள்:

எங்க வீட்டில நாலு பேரு
நாலு கதவு
நாலு சார்ஜர்
சாப்பிடற மேசை ஒண்ணுதான்
அதுல துணி மடிச்சு வச்சிருக்கு.

ஷமீமா வழக்கம்போல எல்லாப் பிள்ளைகளின் தாளையும் படமெடுத்துப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போட்டாள். சிலர் சிரிப்பு முகம் போட்டார்கள். ஓர் அம்மா, ‘எங்க வீட்டு மேசையும் இதேதான்’ என்று எழுதினாள். இன்னொருத்தி, ‘பிள்ளைங்க எல்லாத்தையும் கவனிக்குதுங்க, பாத்து இருங்கப்பா’ என்று எழுதினாள்.

அமுதா மருத்துவமனையில் நர்ஸ். தமிழ்ப் பள்ளியின் செயலாளரும் அவள்தான். மாலையில் கைப்பேசியை என் முன்னால் வைத்தாள்.

“படிச்சீங்களாப்பா?”

“படிச்சேன்.”

“நான் பன்னெண்டு மணிநேரம் நின்னுட்டு வந்து மடிக்கிற துணிப்பா அது. அது எடுக்க நேரமில்லாம கெடக்கு. அத ஊரெல்லாம் படிக்குது.”

“பிள்ள தப்பா ஒண்ணும் எழுதலையேம்மா.”

“தப்பா எழுதியிருந்தா திருத்திரலாம். உண்மையாவுல்ல எழுதியிருக்கா!” என்றாள். மாப்பிள்ளை தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே உள்ளே போனார். அவருக்குச் சனிக்கிழமையும் அலுவலகக் கூட்டம்.

தியா படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை நாங்கள் இருவரும் பிறகுதான் கவனித்தோம்.

அடுத்த நாள் அமுதா தெளிவாகிவிட்டாள். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தக் கவிதை நேரத்தை நிறுத்திவிட்டுப் புத்தகப் பகுதிகளை மட்டும் நடத்தும்படி ஷமீமாவுக்கு ஒரு கடிதம் போக வேண்டும். மனம் புண்படாமல், ஆனால் உறுதியாக. “நீங்கதான்ப்பா எழுதணும். ஒங்களுக்குத்தான் அந்த மாதிரி எழுத வரும்” என்றாள்.

என் மகள் சொன்னது உண்மை. எனக்கு வரும். ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

5

சோழபுரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம். ஜெயராணி என்றொரு ஆசிரியை, மூன்றாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளை எழுதவைப்பார். பள்ளித் தாழ்வாரத்தில் இரண்டு தூணுக்கு நடுவே சணல் கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் அந்தத் தாள்களைத் தொங்கவிடுவார். ஒரு பிள்ளை எழுதியிருந்தது:

அம்மா மில்லுல இருந்து வந்தா
தலையெல்லாம் பஞ்சு
நான் ஊதினேன்
அம்மா சிரிச்சா
பொறவு இருமினா.

அந்தப் பள்ளிக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்த புரவலர் ஒரு மில்லுக்குச் சொந்தக்காரர். விழாவுக்கு வந்தவர் தாழ்வாரத்தில் நடந்தார், நின்றார், வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர் என்றே சொல்வேன். அவருடைய மேலாளர்தான் அடுத்த வாரம் அந்தத் தாளின் நகலோடு ஒரு மனு அனுப்பினார், பிஞ்சு உள்ளங்களில் தொழிற்சாலைகளைப் பற்றி நஞ்சு விதைக்கப்படுவதாக.

எங்கள் அலுவலர் மனுவை என்னிடம் தள்ளினார். “இத வளக்காதியும். பைசல் பண்ணி விட்டுரும்” என்றார்.

கவிதைக்காக ஓர் ஆசிரியை மேல் நடவடிக்கை எடுக்க எந்த விதியும் கிடையாது. இல்லாத விதிக்கு மெனக்கெடுகிறவன் நல்ல எழுத்தர் அல்ல. நான் கால அட்டவணையை வரவழைத்துப் பார்த்தேன். வெள்ளி கடைசிப் பாடவேளை கைவேலை. பாடக்குறிப்பு ஏட்டில் அந்த நாளுக்கு எதுவும் எழுதப்படவில்லை. போதும். ‘கால அட்டவணைக்கு மாறாகவும், பாடக்குறிப்பின்றியும் பாடவேளையைப் பயன்படுத்தியமை’ என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தயாரித்தேன். ‘பிள்ளைகளுக்குக் கவிதையை அறிமுகம் செய்தேன்’ என்று ஒரே வரியில் விளக்கம் வந்தது. ‘விளக்கம் ஏற்புடையதாக இல்லை’ என்று எழுதினேன். அதுவும் ஒரே வரிதான். நிர்வாக நலன் கருதி அவர் மாவட்டத்தின் மறுகோடிக்கு, திருச்சுழிப் பக்கம், மாற்றப்பட்டார். வீடு செட்டியார்பட்டியில். போக மூன்று பேருந்து, வர மூன்று பேருந்து.

அந்தக் கோப்பில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் எழுத்தில் கவிதை என்ற சொல்லே வராது. மில் என்ற சொல்லும் வராது. மனுவோடு வந்த நகலைப் படித்ததோடு சரி, கோப்பில் சேர்க்கவில்லை. பிற்பாடு எவர் எந்த மன்றத்துக்குப் போனாலும் நிற்கும். அலுவலர் படித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காகப் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. மறைப்பதற்கில்லை.

ஆணையை வாங்க ஜெயராணி டீச்சர் நேரில் வந்தார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகும் மேசை முன்னாலேயே நின்றார்.

“சார், ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் பிள்ள எழுதினத நீங்க படிச்சியளா?”

“அது கோப்புல இல்ல டீச்சர்.”

“கோப்புல இல்லன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் கேக்கேன்.”

“மேல்முறையீடு செய்ய ஒங்களுக்கு ரெண்டு மாசம் அவகாசம் இருக்கு” என்றேன்.

“நான் வேற கேட்டேன், நீங்க வேற சொல்லுதிய” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தன் கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஆறு மாதம் கழித்து இருப்புச் சரிபார்ப்புக்கு அந்தப் பள்ளிக்குப் போனேன். சணல் அப்படியே இருந்தது. சத்துணவு ஆயா அதில் கைத்துணி காயப்போட்டிருந்தாள். மூன்றாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சைக் கைகாட்டினேன். ஒரு பெண்பிள்ளை எழுந்து தலைப்பிலிருந்து பக்க எண் வரை பிசகாமல் சொன்னாள். பஞ்சைப் பற்றி எழுதிய பிள்ளை இவள்தானா என்று எனக்குத் தெரியாது. பெயரை நான் கேட்டு வைத்திருக்கவில்லை, கோப்புக்குத் தேவைப்படவில்லை.

மூன்றாம் வகுப்பில் நான் படித்த செய்யுள் ஒன்றுகூட இப்போது எனக்கு முழுதாக நினைவில்லை. அந்த ஐந்து வரி மட்டும் நிற்கிறது.

6

ஆகவே, அமுதா கேட்ட கடிதத்தை நான் எழுதவில்லை. ‘முடியாது’ என்றும் சொல்லவில்லை. எங்கள் துறையில் ஒருவருக்கு நல்லது செய்ய ஒரே வழிதான் உண்டு: அவர் மேலுள்ள கோப்பைத் தூங்கவைப்பது. பள்ளியை நடத்தும் சங்கத்தின் விதிகளை அனுப்பச் சொன்னேன். வந்தது. கடந்த ஆண்டுக் கூட்டக் குறிப்பு வேண்டும் என்றேன். வந்தது. ஆசிரியர் நியமனக் கடிதத்தின் நகல் கேட்டேன். அப்படி ஒன்று கிடையாது என்றார்கள். அப்படியானால் முதலில் அதைத் தயாரிக்க வேண்டும் என்றேன். மூன்று வாரம் ஓட்டினேன். இன்னும் ஏழு வாரத்தில் பள்ளி விடுமுறை. எல்லாம் மறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

நான் கேட்ட ஒவ்வொரு காகிதமும் ஷமீமாவின் காதுக்குப் போயிருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. நான்காவது சனிக்கிழமை, பதிவேட்டை வாங்க வந்தவள் கதவருகில் நின்றாள்.

“சார், என்னைய நியமிச்ச லெட்டர் இருக்கான்னு கேட்டியளாமே. நான் செய்தது தப்புன்னா செத்த நேரம் உக்காந்து சொல்லிருக்கலாம்லா? ஒரே ஊருக்காரவிய நாம.”

“ஒனக்கு நல்லதுக்குத்தாம்மா. கடிதம் போகாம நிறுத்தி வச்சிருக்கேன்.”

“அத எங்கிட்டச் சொல்லணும்லா சார்? மூணு வாரமா யாரும் என்கிட்டப் பேச மாட்டேங்காங்க. அமுதா அக்கா வணக்கம்னு சொல்லிட்டு வேகமாப் போறாங்க. ஊர்ல இப்படி ஆனா கெடக்குன்னு விட்டுருவேன். இங்க நான் போய் அழுகதுக்குக்கூட பக்கத்து வீடு கெடையாது.”

நான் பதிவேட்டில் அன்றைய தேதியைப் பார்த்தேன்.

“கூட்டத்தப் போடுங்க” என்றாள். “நிறுத்துன்னா நிறுத்திருதேன். சும்மா தொங்கவிடாதிய.”

கூட்டம் போட்டோம். எல்லாரும் நல்லவர்கள். பிள்ளைகள் சுதந்திரமாக எழுதட்டும் என்று நான்கு பேர் சொன்னார்கள். வீட்டு விஷயம் வெளியே வரக் கூடாது என்று அதே நான்கு பேர் சொன்னார்கள். அமுதா கண்ணீர் வராமல் பேச முயன்றாள். ஷமீமா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அய்யா, நீங்க அனுபவஸ்தர். சொல்லுங்க” என்றார் தலைவர்.

ஜெயராணி டீச்சரைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நான் ஒரு வகுப்பை அழித்திருக்கிறேன், அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், இதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். எட்டு முகமும் என்னைப் பார்த்தன. என் வாயிலிருந்து வந்தது வேறு.

“நிறுத்த வேண்டாம். ஒழுங்குபடுத்துவோம். பிள்ளைகள் வீட்டிலேயே எழுதி வரட்டும். ஒரு படிவம் வைப்போம். பெயர், வகுப்பு, தலைப்பு, பெற்றோர் ஒப்புதல் கையெழுத்து. கையெழுத்து உள்ளதை மட்டும் வகுப்பில் வாசிக்கலாம்.”

அந்த அறை மூச்சு விட்டதைக் கேட்டேன். கவிதை நேரம் நிற்காது. யார் வீட்டு மேசையும் வெளியே வராது. அமுதா என் கையைப் பிடித்து அழுத்தினாள். தலைவர், “இதுக்குத்தான் பெரியவங்க வேணுங்கிறது” என்றார். நானும் நம்பினேன். ஜெயராணி டீச்சருக்குச் செய்யாததை இவளுக்குச் செய்துவிட்டேன் என்றே நம்பினேன். படிவத்தை அன்று மாலையே வரைந்து, கட்டம் போட்டு, அனுப்பினேன். தலைப்புக்கு ஒரு கட்டம், கவிதைக்கு எட்டு வரி, கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளைப் படத்தில் இருந்தபடி அடுக்கும்போது ஷமீமா என் பக்கத்தில் வந்தாள்.

“மொத்த ஆபீஸையும் பெட்டியில போட்டுக் கொண்டாந்துட்டிய சார்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

7

முதல் வாரம் பன்னிரண்டு படிவம் வந்தது. எழுத்துப் பிழையே இல்லை. வண்ணத்துப்பூச்சி, வானவில், தாய்மொழி, தாய்மொழி, வானவில். அர்ஜுன் எழுதியதில் ‘அமுதத் தமிழே’ என்று இருந்தது. அமுதம் என்றால் என்ன என்று ஷமீமா கேட்டாள். “அம்மாவுக்குத் தெரியும்” என்றான். அவள் பூட்டி வைத்திருந்த நான்கு வார்த்தைகளும் பெற்றோர் கையெழுத்தோடு வெளியே வந்து நின்றன. எல்லாவற்றையும் வாசித்தாள். எல்லாவற்றுக்கும் “நல்லாருக்கு” என்றாள். அந்தத் துணிப்பையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டு வந்த தியா படிவத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

“தாத்தா, என்ன எழுதினா அம்மா சைன் பண்ணுவாங்க?”

இந்தக் கேள்வியை வெவ்வேறு முகங்கள் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கின்றன. எப்படி எழுதினா சார் பாஸாகும்? எனக்கு எப்போதும் பதில் தெரியும். யோசிக்காமலே வரும்.

“நிலாவைப் பத்தி எழுது. யாருக்கும் ஆட்சேபணை இருக்காது.”

பத்து நிமிடத்தில் ஆறு வரி எழுதினாள். நிலா வட்டமாக இருந்தது. வெள்ளையாக இருந்தது. அனைவருக்கும் ஒளி தந்தது. அமுதா வாசித்துவிட்டு, பிள்ளையை இழுத்து முத்தம் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். தியா முத்தத்தை வாங்கிக்கொண்டு கன்னத்தைத் துடைத்தாள்.

மூன்றாவது வாரம் வயிற்றுவலி திரும்ப வந்தது. நான்காவது வாரம் அமுதா அவளை வற்புறுத்தவில்லை. “டயர்டா இருக்காப்பா, இந்த ஒரு வாரம் விட்ரலாம்” என்றாள். எனக்குக் காதில் விழுந்தது வேறு: பிள்ளை இனி போகமாட்டாள். அமுதாவுக்கும் அது பயமாகத்தான் இருக்கிறது, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. என் பேத்தி எங்கள் இருவர் கையிலிருந்தும் நழுவுகிறாள். அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது வாரத்தில் அரை மணி நேரம் மட்டுமே. அந்த அரை மணி நேரம் இன்னும் இருக்கிறது. கால அட்டவணையில் இருக்கிறது. தீர்மானத்தில் இருக்கிறது. பிள்ளை அதில் இல்லை.

படிவத்தைத் திரும்பப் பெறக் கோரி நேற்று செயற்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நிறைவேறிய தீர்மானத்தை மாற்ற விதிப்படி இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த விதியைச் சுட்டிக்காட்டி அமல்படுத்தச் செய்தவனும் நான்தான். ஷமீமா வேலைநேரம் மாறியிருப்பதால் அடுத்த பருவத்துக்கு வர இயலாது என்று தெரிவித்திருக்கிறாள். இரண்டு வரிக் கடிதம். மனுவாக எழுதியிருந்தாள். ‘மதிப்பிற்குரிய அய்யா’ என்று தொடங்கி ‘இப்படிக்கு’ என்று முடித்திருந்தாள்.

இன்று மாலை தியாவை அவளுடைய வாரநாள் பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன். அவள் பையில் ஒரு நோட்டு துருத்திக்கொண்டிருந்தது, புதிது. என்ன என்று கேட்டேன்.

“பொயட்ரி புக். எங்க டீச்சர் கொடுத்தாங்க. என்ன வேணும்னாலும் எழுதலாம்.”

“எழுதினியா?”

“எழுதினேன். ஏழு.”

“தமிழ்லயா?”

நின்று என்னைப் பார்த்தாள். கேலியாகப் பார்க்கவில்லை, ஒரு பெரியவர் இவ்வளவு விஷயம் தெரியாமல் இருக்கிறாரே என்பதுபோல் பார்த்தாள். “இங்கிலீஷ்ல, தாத்தா. இதுக்கு ஃபார்ம் கிடையாது.”

எனக்குக் காட்டுவாயா என்று கேட்டேன். யோசித்தாள். ஆறு காட்டலாம், ஒன்று மட்டும் முடியாது என்றாள். ஏன் என்றேன்.

“அதுல நீங்க இருக்கீங்க.”

சாலையைக் கடக்க விளக்கு மாறும்வரை நின்றோம். மாறியது. கடந்தோம். மறுபக்கம் போனதும் கேட்டேன்:

“அதுல நான் என்ன செய்யறேன்?”

“ஒண்ணும் செய்யலை, தாத்தா” என்றாள். “எல்லாரும் சண்டை போடறாங்க. நீங்க பக்கத்துல நின்னு எழுதிக்கிட்டே இருக்கீங்க.”